குத்தினதைக் கொண்டு வா

"எத்தனை?"

"ரெண்டு."

கை சற்று உயர்ந்தது.

"இப்ப?"

"ரெண்டுதான்."

"தலையைத் தூக்காத. கண்ணை மட்டும் தூக்கு. இப்ப?"

"நாலு."

"நல்லா பார்த்துச் சொல்லுபா."

"நாலுதான். மேல ரெண்டு, கீழ ரெண்டு. நாலு நகத்துலயும் டிஞ்சர் கறை."

தங்கவேல் கையை இறக்கித் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். இரண்டு விரல்களைத்தான் காட்டியிருந்தார். கறை உண்மை.

பெஞ்சில் இருந்த பலராமனுக்கு இருபத்தெட்டு வயது. பாகூர் கடைத்தெருவில் மளிகைக் கடை. கடை மாமனாருடையது. மாமனார் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. பலராமன் வீட்டோடு மாப்பிள்ளை. அவனுடைய வலது கண்ணின் மேல் இமையில், புருவத்துக்குச் சற்றுக் கீழே, கடுகு அளவில் ஓர் ஓட்டை. பத்து நாள் மூடியிருக்கும். பிறகு திறந்துகொண்டு சீழ் வரும். மறுபடியும் மூடும். இது ஐந்தாவது வாரம். விழி கொஞ்சம் கீழே தள்ளப்பட்டு முன்னால் வந்திருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல்.

"கடையில எப்படிச் சமாளிக்கிற?"

"நேரா பாத்தா ஒண்ணும் தெரியல. மேல பாத்தாதான். கல்லாவுக்கு மேல மாமா போட்டோ மாட்டியிருக்கு இல்ல? இப்ப ரெண்டு மாமா பாக்குறாங்க. ஒருத்தர் பாக்கும்போதே ஒரு கல்கண்டு எடுத்து வாயில போட முடியாது."

"ஓட்டை இன்னிக்கு மூடியிருக்குது."

"மூடிட்டா நல்லதுதானே?"

"கதவு மூடியிருந்தா வூட்ல ஆள் இல்லன்னு அர்த்தமா?"

பலராமன் இமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

தங்கவேல் அந்தக் கிளை டிஸ்பென்சரியில் டிரஸ்ஸர். டாக்டர் புதனும் சனியும் வருவார். மற்ற நாட்களில் தங்கவேலும் ஆயா வேலை பார்க்கும் காசம்மாளும்தான். காயம் கழுவுவது, கட்டுவது, ஊசி போடுவது, முடியாததைப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற்றுவது. நாற்பத்திரண்டு வயது. செலியமேட்டிலிருந்து சைக்கிளில் வருவார். சைக்கிளுக்கு மணி கிடையாது. முன்னால் போகிறவரைப் பார்த்து இருமுவார்.

டிஸ்பென்சரி கதவில் அவர் சாக்பீஸால் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். *கண்ணில் குத்தியதைக் கையோடு கொண்டு வரவும்.* டாக்டர் ஒரு முறை அழிக்கச் சொன்னார். அடுத்த மாதம் அவரே மறுபடி எழுதச் சொன்னார்.

ஊர் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டது. பனித்திட்டிலிருந்து ஒருவன் இமையில் தூண்டில் முள்ளோடு வந்தான். முள்ளோடு நைலான் நரம்பு இருந்தது, நரம்போடு கழி இருந்தது, கழியைப் பிடித்துக்கொண்டு அவன் தம்பி பின்னாலேயே நடந்து வந்தான். வழியெல்லாம் தம்பி வேகமாகவும் நடக்கக்கூடாது, மெதுவாகவும் நடக்கக்கூடாது. நரம்பை வெட்டியிருக்கலாமே என்று தங்கவேல் கேட்டார். "நீங்கதான் கையோட கொண்டாரச் சொல்லி எழுதிவச்சிகீறீங்க" என்றான் தம்பி. கரையாம்புத்தூர்க்காரர் ஒருவர் மாட்டுக் கொம்பு குத்தி வந்தார். மாட்டையும் ஓட்டி வந்தார். கொம்பைப் பார்த்து முடிப்பதற்குள் அது டாக்டர் வைத்திருந்த குரோட்டன்ஸ் செடிகளில் இரண்டைத் தின்றுவிட்டது.

மாட்டைத் தவிர மற்றவை அலமாரியில் இருந்தன. குடைக் கம்பி, சைக்கிள் ஆரம், ஈர்க்குச்சி, சேவல் முள், பள்ளிக்கூடத்துக் காம்பஸ். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு சீட்டு. பெயர், தேதி, எந்தக் கண், முழுசா குறையா.

முழுசா குறையா என்பதுதான் விஷயம். டிஸ்பென்சரியில் சேருவதற்கு முன் தங்கவேல் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். கூட வெட்டிய வைத்தியலிங்கம் வரப்பில் சறுக்கி விழுந்து, கண்ணோரம் ஒரு வேலிக் குச்சி ஏறியது. தங்கவேல்தான் பிடுங்கினார். முழுசாக வந்த மாதிரிதான் இருந்தது. குச்சியைக் கரும்புச் சோகையில் எறிந்தார். புண் பத்து நாளில் ஆறியது. மூன்று மாதத்தில் கண் போனது. உள்ளே அரை விரல் நீளம் இருந்திருக்கிறது. வைத்தியலிங்கம் இப்போதும் சந்தையில் எதிர்ப்பட்டால், "இன்னா தங்கவேலு, முழுசா வந்துச்சா?" என்பார். கோபமாகக் கேட்டால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டு கேட்பார்.

ஐந்து வாரத்துக்கு முன் பலராமனை அவன் மனைவி கமலவேணி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தபோது, தங்கவேல் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகச் செய்தார். இமையை அழுத்தாமல் பிரித்தார். கருவிழி வட்டமாக இருக்கிறதா, எதுவும் ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை. நல்ல கண்ணை மூடி அடிபட்ட கண்ணுக்கு விரல் காட்டினார். எண்ணினான். ஓட்டைக்குள் எதையும் விட்டுத் துழாவவில்லை. கழுவினார், ஊசி போட்டார், விழியில் படாமல் ஒரு மூடி வைத்துக் கட்டினார். நோட்டில் படம் போட்டுக்கொண்டார். நடுவில் ஒரு புள்ளி. மூக்குப் பக்கம் இரண்டு கீறல், காதுப் பக்கம் இரண்டு கீறல். பிறகு கேட்டார்.

"குத்தினது எங்க?"

"வேலிப் படல் குச்சிண்ணே. எரிச்சாச்சு" என்றாள் கமலவேணி.

அந்தத் தெருவில் அது வழக்கம். வீட்டு மனுஷனுடைய ரத்தம் பார்த்த பொருள் வீட்டில் தங்கக்கூடாது. மிளகாய், உப்போடு சேர்த்து அவன் தலையை மூன்று முறை சுற்றி, பொழுது சாய்வதற்குள் முச்சந்தியில் எரித்துவிட வேண்டும். பலராமனின் மாமியார் உமையாள் தானே எரித்தாள். தெருவே நின்று பார்த்தது. அத்தனை மிளகாய் எரிந்தும் ஒருவரும் தும்மவில்லை. பெரிய திருஷ்டி என்று பேசிக்கொண்டார்கள்.

பாண்டிச்சேரியில் கண் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். படத்தில் ஒன்றும் இல்லை. இரும்பு என்றால் விழும், மூங்கில் விழாது என்றார். மருந்து கொடுத்தார். இரண்டாம் முறை போனபோது விழி கீழே தள்ளியிருப்பதை அளந்து பார்த்தார். இந்தத் திங்கட்கிழமை பலராமன் கையில் ஒரு சீட்டு இருந்தது. கண் டாக்டர் தங்கவேலுக்கு எழுதியது.

*உள்ளே ஏதோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். நினைப்பை வைத்துத் திறக்க முடியாது. பக்கத்திலேயே பார்வை நரம்பு. மேலே முட்டை ஓடு கனத்தில் ஒரு எலும்பு, அதற்கு அப்பால் மூளை. எங்கே, எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் திறக்கலாம். புதன்கிழமை அனுப்பவும். குத்தியதன் மிச்சம் கிடைத்தால் அனுப்பவும். சாம்பலைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.*

தங்கவேல் அதை இரண்டு முறை படித்தார்.

"பலராமா, நீ எங்க நின்னுக்கினு இருந்த?"

"படலாண்ட."

"இன்னா பண்ணிக்கினு?"

"சும்மாதான்."

"அந்தப் படல் குச்சிக்குச் சீப்பு மாதிரி பல்லு இருந்துச்சா?"

"இன்னாத்துக்குக் கேக்குறீங்க?"

"நடுவுல ஒரு குத்து. இந்தாண்ட ரெண்டு கீறல், அந்தாண்ட ரெண்டு கீறல். எல்லாம் ஒரே அளவு இடைவெளி. நான் பார்த்த படல் குச்சி எதுவும் அப்படி நின்னு நிதானமா குத்தினதில்ல."

பலராமன் தரையைப் பார்த்தான். கீழே பார்த்தால் எல்லாம் ஒன்றொன்றாகவே தெரிந்தது. அதனால் வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூங்கில்தாண்ணே. மூங்கில்னு சொன்னா போதாதா?"

"போதாது. சீழ் பின்னால போச்சுன்னா இந்தக் கண்ணு போயிடும். அதுக்கப்புறம் எல்லாமே ஒண்ணாதான் தெரியும்."

"எரிஞ்சு போனதை நான் எங்க போய்க் கொண்டாரட்டும்?"

அவன் போன பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன. மூடினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை உமையாள் டிஸ்பென்சரிக்குப் பின்வாசல் வழியாக வந்தாள். அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அவளுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, இடுப்பில் சாவிக் கொத்து. அவள் நடமாடுவதை ஊர் காதால்தான் தெரிந்துகொள்ளும். மாப்பிள்ளை எதிரில் நிற்கமாட்டாள். அவன் மூன்றடி தூரத்தில் இருந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்பிள்ளையக் கேளுடி, இன்னும் ரெண்டு தோசை வைக்கட்டுமான்னு" என்பாள். கமலவேணி கேட்பாள். அவன் கமலவேணியிடம் போதும் என்பான். அவள் தாயிடம் போதுமாம் என்பாள். இரண்டு தோசை வந்துவிடும்.

பெண்களுக்கு மருந்து போடும் இடம் ஒரு திரைக்கு அப்பால். காசம்மாள் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து ரோஸ் நிற மருந்துப் புட்டியைக் குலுக்கினாள். திரைக்கு இப்பால் தங்கவேல் கட்டுப் போடும் காஸ் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, முதுகுல கோலம் போட்டு வச்சிகீற?" என்றாள் காசம்மாள்.

"சொறிஞ்சதுடி."

"எத்தால? ரெண்டு கோடு, நடுவுல வெறும் எடம், அப்பால ரெண்டு கோடு. ரோடு போட்ட மாதிரி மேலேர்ந்து கீழ வரிக்கும் போவுது. நடுவுல கீற வேர்க்குரு மட்டும் மேல கை படாம ராஜா மாதிரி கீது."

"அந்த எடத்துலதான்டி உசுரு போற மாதிரி அரிக்குது. முன்னெல்லாம் நல்லா சொறியும். இப்ப ஒரு மாசமா நடுவுல ஒரு கோடு மட்டும் வுட்டுவுட்டுப் போவுது."

திரைக்கு இப்பால் கத்தரிக்கோல் நின்றது.

தங்கவேல் நோட்டை எடுத்து ஐந்து வாரம் பின்னால் புரட்டினார். இரண்டு கீறல், ஒரு புள்ளி, இரண்டு கீறல்.

"காசம்மா."

"இன்னாண்ணே?"

"கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"என் முதுகு அளவு அவருக்கு எதுக்குடி?" என்று உமையாள் கேட்டாள்.

"மருந்து எவ்வளவு செலவாவும்னு பாக்குறாரும்மா. அரை விரல் கீதுண்ணே. நடுவுல மட்டும் ஒரு விரல்."

நோட்டில் எழுதியிருந்ததும் அரை விரல். தங்கவேல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பெரியம்மா, முதுகு எதால சொறியுறீங்க?"

"கையாலதான்."

"உங்க கைக்கு எத்தனை விரல்?"

திரைக்கு அப்பால் புட்டி குலுங்கும் ஓசை நின்றுவிட்டது.

"அஞ்சு" என்றாள் உமையாள்.

"அஞ்சாவது விரல் எங்க?"

வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள். அது சரிந்து விழுந்தது. மறுபடியும் சாய்த்தார்கள்.

"பருப்பு மூட்டையில" என்றாள் உமையாள்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. அது ஒரு மூங்கில் கோல். முழ நீளம். நுனியில் ஒரு கை மாதிரி செதுக்கியிருக்கும். ஐந்து விரல், லேசான வளைவு, ஒவ்வொன்றிலும் நகம்கூட உண்டு. நடுவிரல் மட்டும் நீளம். அவள் புருஷனின் அண்ணன் சைகோனிலிருந்து கொண்டு வந்தது. அன்றைக்கு மத்தியானம் உள்ளறையில் தடாலென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் துவரம்பருப்பு மூட்டைமேல் மாப்பிள்ளை குப்புற விழுந்து கிடக்கிறார். மூட்டையில் கோல் நட்டுக்கொண்டு நிற்கிறது. கோலின் கையில் நான்கு விரல்தான் இருக்கிறது.

"நான் இன்னா நினைச்சேன்? விரல் ஒடிஞ்சு பருப்புல வுழுந்திடுச்சின்னு நினைச்சேன் தம்பி. அந்த மூட்டைய கமலவேணிய வுட்டு ரெண்டு வாட்டி பொடைக்கச் சொன்னேன். எதுக்குன்னு சொல்லல. பக்கத்து மூட்டையையும் பொடைச்சிது. ஒரு மாசமா பருப்பு வாங்கினு போறவங்க மூஞ்சையே பாத்துக்கினு இருக்கேன். எவ வூட்டு சாம்பார்ல விரல் வந்துச்சின்னு தூக்கினு வந்து நிப்பாளோன்னு."

"அப்ப முச்சந்தியில எரிச்சது?"

"படல்லேர்ந்து ஒண்ணு உருவினேன்." அவள் குரல் இறங்கியது. "அவரு போனப்புறம் முதுகு சொறிய எனக்கு யார் இருக்கா தம்பி? பொண்ணு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு போதுமாம்மான்னும். அது ஒண்ணுதான் எட்டும். அதான் குத்தினதை வச்சிக்கினு, குத்தாததைச் சுத்தி எரிச்சிட்டேன். ஒருத்தரும் தும்மலையே, பாத்தியா? பாவம், அந்தக் குச்சி ஒண்ணுமே பண்ணல. இது சாமிக்குத் தெரிஞ்சிபோச்சு. அதான் புண்ணு ஆறல."

"சாமிக்குத் தெரிஞ்சா போதாது பெரியம்மா. கண் டாக்டருக்குத் தெரியணும்."

"எரிச்சிடட்டுமா? இப்பவே போய் எரிச்சிடறேன்."

தங்கவேல் ஸ்டூலை விட்டு எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அடுப்புப் பக்கம் கூடக் கொண்டு போகாதீங்க. நேரா எங்கிட்ட கொண்டாங்க. விரல் பருப்புல இல்ல. மாப்பிள்ளை கண்ணுக்கு மேல இருக்குது."

திரைக்கு அப்பால் சாவிக் கொத்து ஒரு முறை ஒலித்தது. காசம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அட பாவி, அஞ்சு வாரமா மாமியா விரல வச்சிக்கினா மாப்பிள்ளை கல்லாவுல குந்திக்கினு இருந்தாரு?"

உமையாள் அழுதாள். கொஞ்சம் சிரித்தது மாதிரியும் இருந்தது. ஒரு மணி நேரத்தில், பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு கட்டு வெந்தயக்கீரை வைத்துக் கொண்டு வந்து கொடுத்தாள். ஒடிந்த விரல் எவ்வளவு நீளம் என்று தன் ஆட்காட்டி விரலில் நகத்தால் கோடு போட்டுக் காட்டினாள். ஒரு கணுவுக்குக் கொஞ்சம் அதிகம். தங்கவேல் நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"தெருவுக்குப் படல் குச்சி படல் குச்சியாவே இருக்கட்டும் தம்பி. மாப்பிள்ளைக்கும் தெரிய வேணாம். எரிச்சிட்டதாத்தான் அவரு நினைச்சிக்கினு இருக்காரு. மாமியாருக்கு என் கண்ணவிட அவ முதுகு பெருசுன்னு நினைப்பாரு."

தங்கவேல் தலையை ஆட்டினார்.

"பாண்டிச்சேரி பெரிய ஒப்பித்தால்ல ஆப்பரேஷன் பண்ணா கண்ணு நல்லாயிடுமா?"

"கோல் இருக்குது. போய்ப் பார்க்கலாம்."

புதன்கிழமை டிஸ்பென்சரிக்கு டாக்டர் வருகிற நாள். ஆகவே தங்கவேலுக்கு விடுப்பு கிடைத்தது. காலை பஸ்ஸில் பலராமன் ஜன்னலோரம், நடுவில் தங்கவேல். பெண்கள் பக்கம் கமலவேணி. கிருமாம்பாக்கம் தாண்டியதும் ஒரு மேடு. பஸ் குதித்ததில் தங்கவேலின் மடியிலிருந்த காகிதம் பிரிந்து ஒரு மூங்கில் கை வெளியே வந்தது.

பலராமன் அதைப் பார்த்தான். ஒரு கண்ணால்தான் பார்த்தான், மற்றதில் கட்டு.

"இது எரிஞ்சு போச்சே!"

"படல் குச்சிதானே எரிஞ்சது?"

பலராமன் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"அத்தை என் மானத்தைக் காப்பாத்தறதுக்காகப் படல் குச்சின்னு பேர் சொல்லி இதைத்தான் எரிச்சாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். மேல துணி சுத்தியிருந்துச்சு."

"உன் மானத்துக்கு இன்னா வந்துச்சு?"

"வேர்வைண்ணே. உள்ளறையில மூட்டை அடுக்கிட்டு வந்தேன், முதுகு பிச்சிக்கினு போவுது. இது ஆணியில தொங்குச்சு. எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தேன். அப்படி ஒரு சுகம்! மூணாவது இழுப்புல சாவிக் கொத்து சத்தம். மாமியார் முதுகு சொறியுற கோலை எடுத்து மாப்பிள்ளை சொறியறான்னா ஊர்ல இன்னா பேசுவாங்க? கைப்பிடியைப் பக்கத்து மூட்டையில சொருகிட்டுத் திரும்பினேன். கீழ சிந்தின பருப்பு. சறுக்கி அது மேலயே வுழுந்தேன்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா?"

"மூங்கில்னு சொன்னேன் இல்ல? ஒடிஞ்சது எனக்கு எப்படித் தெரியும்? கண்ணைப் பொத்திக்கினு கிடந்தேன்." மறுபடியும் பெண்கள் பக்கம் பார்த்தான். "நான் சொறிஞ்சேன்னு அத்தைக்குத் தெரிய வேணாம்ணே."

"சொல்லல."

"எரிக்காம இருந்திருக்காங்க பாருங்க. தெரிஞ்சா சங்கடப்படுவாங்க. இது எனக்குத் தெரியும்கிறதும் தெரிய வேணாம்."

தங்கவேல் கோலைக் காகிதத்தில் சுற்றினார். கீரைக் கட்டை பஸ் ஏறும்போதே காசம்மாளிடம் கொடுத்திருந்தார்.

கண் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கோலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற விரல்களின் வளைவை அளந்தார். நூல் முடிச்சை அளவுகோலில் வைத்தார். கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர். பிறகு கோலைத் தன் முகத்துக்கு நேரே, மூட்டையிலிருந்து நிற்கிறது போலப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்படி வந்திருக்கிறது" என்றார். "விழிக்கு மேலே, வளைவு மேல்பக்கமாக. நான் ஓட்டை வழியாகப் போயிருந்தால் நேரே பின்னால் தேடியிருப்பேன். அங்கே அது இல்லை." புருவத்துக்குக் கீழே திறக்கலாம் என்று நர்ஸிடம் சொன்னார். போகும்போது கோலில் சாய்வாக ஒடிந்திருந்த இடத்தைக் காட்டி, "இதை நீங்கள் வெளியே வைத்திருங்கள். வெளியே வருவதை ஒட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார் தங்கவேலிடம்.

கமலவேணியும் தங்கவேலும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். காற்று இல்லை. தங்கவேலுக்கு முதுகு அரித்தது. கையில் கோல் இருந்தது. சுவரில் தேய்த்துக்கொண்டார்.

"முதுகு சொறியற கோலாண்ணே குத்துச்சு?" என்றாள் கமலவேணி.

"உனக்கு யார் சொன்னது?"

"எங்கம்மா கோலு எனக்குத் தெரியாதா? ரெண்டு மூட்டைப் பருப்பை எதுக்குப் பொடைச்சேன்னு இப்பதான் தெரியுது." வாசல் பக்கம் பார்த்தாள். "எனக்குத் தெரியும்னு அவங்க ரெண்டு பேர் கிட்டயும் சொல்லாதீங்க."

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் ஒரு தட்டோடு வந்தாள். உள்ளே இன்னும் தைக்கவில்லை, சீக்கிரம் பாருங்கள் என்றாள். தட்டில் ஒரு விரல் கிடந்தது. கறுத்து, ஊறி, வழவழவென்று. நுனியில் நகம் அப்படியே இருந்தது. தங்கவேல் இடுக்கியால் எடுத்துக் கோலில் ஒடிந்த இடத்தில் பொருத்தினார். பொருந்தியது. ஜன்னல் பக்கம் நகர்ந்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு முறை திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார்.

"முழுசா வந்துச்சா?" என்று நர்ஸ் கேட்டாள்.

தங்கவேல் அவளை நிமிர்ந்து பார்த்தார். அது வைத்தியலிங்கத்தின் கேள்வி. மறுபடியும் குனிந்தார்.

"இல்ல. ஒரு ஓரத்துல சிலாம்பு குறையுது. அரிசி அளவு."

"கோல்ல ஒடிஞ்சிருக்கலாமே? பருப்புல விழுந்திருக்கலாம்."

"பருப்பை ரெண்டு வாட்டி பொடைச்சாச்சு" என்றாள் கமலவேணி.

நர்ஸ் தட்டோடு உள்ளே ஓடினாள். தங்கவேல் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. கமலவேணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். வராந்தாவில் ஒருவர் பன் தின்றுகொண்டிருந்தார். அதை முடித்து, காகிதத்தை நாலாக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

நர்ஸ் மறுபடி வந்தாள். தட்டில் ஒரு சிலாம்பு. அரிசியைவிடச் சின்னது. அதை வைத்ததும் விரல் மூடிக்கொண்டது. கோடு தெரியவில்லை.

"முழுசா வந்துச்சு" என்றார் தங்கவேல். சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. தங்கவேல் எட்டு மணிக்கு டிஸ்பென்சரியைத் திறந்தார். பதினான்கு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கு வேர்க்குரு. ஒரு குழந்தையின் மூக்கில் வேர்க்கடலை. பனித்திட்டிலிருந்து ஒருவர் காலில் நண்டு கடித்து வந்தார், நண்டையும் கொண்டு வந்தார். கண்ணுக்கு மட்டும்தான் என்று காசம்மாள் அவரிடம் சொன்னாள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் கமலவேணி வந்தாள். காய்ச்சல் இல்லை. இமை வீங்கியிருக்கிறது. கண் டாக்டர் காலையில் இமையைத் தூக்கி விரல் காட்டினார். பலராமன் இரண்டு என்று சொன்னான். மேலே பார்க்கிற சோதனையைப் பத்து நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றாராம். மாற்று வேட்டி எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி பஸ்ஸில் திரும்பிப் போனாள். மூங்கில் விரலைக் கண் டாக்டர் ஒரு புட்டியில் போட்டு வைத்துக்கொண்டார். மூன்று மணிக்கு உமையாள் பின்வாசல் வழியாக வந்து கோலைக் கேட்டாள். தங்கவேல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவள் போன பிறகு ஒரு சீட்டு எழுதி, நூல் கட்டி, பொருள் இல்லாமல் சீட்டை மட்டும் அலமாரியில் வைத்தார். பலராமன், வலது கண், படல் குச்சி, முழுசு, எரிந்துவிட்டது. ஐந்தரைக்குக் கதவைப் பூட்டினார். சாக்பீஸ் எழுத்து மங்கியிருந்தது. செலியமேட்டுக்குப் போனார்.